காந்தம் ஒட்டினா போலியா? எவர்சில்வருக்குள்ள ஒரு 140 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுல ராயபுரம் ஸ்டேஷனைப் பத்திப் பேசினோம். 1856 ஜூலை 1-ல தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்புச்சு. இன்னைக்கும் அந்தப் பக்கத்தை விட்டு ரொம்ப தூரம் போகப் போறதில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடின்னு உள்ள போனா எவர்சில்வர் பட்டறைகள் இருக்கும். தகடு ஒரு பக்கம் உள்ள போகும், குண்டானும் சம்படமும் இன்னொரு பக்கம் வெளிய வரும். அந்தத் தகடு பாத்திரமா மாறும்போது அதுக்குள்ள என்ன நடக்குதுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

ஆரம்பிக்க ஒரு சின்ன கேள்வி. பாத்திரக் கடையில காந்தம் வச்சுப் பார்க்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. "காந்தம் ஒட்டினா டூப்ளிகேட், ஒட்டலேன்னா ஒரிஜினல்." வாட்ஸ்அப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வர்ற அறிவுரை இது.

வீட்டுல நீங்களே செஞ்சு பாருங்க. இண்டக்ஷன் அடுப்புக்காக அடியில தனித் தகடு ஒட்டினது வேணாம். பழைய, ஆழமான, நல்ல கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒண்ணு எடுங்க. கொஞ்சம் பவர் உள்ள காந்தத்தை அடிப்பாகத்தின் நடுவுல வைங்க. பெரும்பாலும் வழுக்கிடும். அதே காந்தத்தைப் பக்கச் சுவருக்கு, மேல் விளிம்புக்கு, தகடு மடங்கற இடத்துக்குக் கொண்டு போங்க. பல பாத்திரங்கள்ல அங்க லேசா ஒரு இழுப்பு தெரியும். எல்லாப் பாத்திரத்துலயும் தெரியாது, ஆனா தெரியறதுல நல்லாவே தெரியும்.

ஒரே தகடு, ஒரே கலவை. நடுவுல காந்தம் ஒட்டல, விளிம்புல ஒட்டுது. அப்போ பாத்திரம் பாதி ஒரிஜினல், பாதி டூப்ளிகேட்டா?

சாத்துக்குடி அடுக்கு

இரும்புக்கு ரெண்டு முக்கியமான உள் அமைப்பு உண்டு. சாதாரண வெப்பநிலையில அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலையிலும், நட்ட நடுவுல ஒண்ணுமா உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புல இருக்கற இரும்பைக் காந்தம் இழுக்கும். சுமார் 912 டிகிரிக்கு மேல சூடாக்கினா அமைப்பே மாறிடும். பழக்கடையில சாத்துக்குடியைக் கோபுரமா அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த நெருக்கமான அடுக்குக்கு அணுக்கள் போயிடும். அதுக்குப் பேர் ஆஸ்டெனைட். இதைக் காந்தம் இழுக்காது.

இரும்பு ஆறும்போது பழைய அமைப்புக்குத் திரும்பப் பார்க்கும். ஆனா நிக்கலோ மாங்கனீஸோ போதிய அளவு கலந்துட்டா, ஆறின பிறகும் சாத்துக்குடி அடுக்கு கலையாம நிக்கும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எவர்சில்வர் இந்த வகைதான். துருவைத் தடுக்கறது குரோமியம். அடுக்கைப் பிடிச்சு வைக்கறது நிக்கல்.

'பிடிச்சு வைக்கறது'ன்னு சொன்னதைக் கவனிங்க. அந்த அடுக்கு முழு நிம்மதியா உட்கார்ந்திருக்கல. மாறத் தயாரா இருக்கு, ஒரு தள்ளு மட்டும்தான் குறையுது. அந்தத் தள்ளு வெளியில இருந்து வரலாம். அழுத்தறது, இழுக்கறது, வளைக்கறது எதுவா இருந்தாலும் சரி.

தள்ளு கிடைச்சதும் அணுக்கள் ஒவ்வொண்ணா இடம் தேடிப் போறதில்லை. நெரிசலான மின்சார ரயில்ல ஒருத்தர் ஏறினா மொத்தக் கூட்டமும் அரை அடி நகருமே, அந்த மாதிரி வரிசை வரிசையா சேர்ந்து சரியும். இப்படிக் கிடைக்கற புது அமைப்புக்கு மார்டென்சைட்னு பேர். அது கெட்டியானது, காந்தமும் அதை இழுக்கும்.

கொல்லர் உலையில சிவக்கக் காய்ச்சின இரும்பைத் தண்ணியில முக்கும்போது வர்றதும் இதே மார்டென்சைட்தான். ஜெர்மானியரான அடோல்ஃப் மார்டென்ஸ் நினைவா 1895-ல பிரெஞ்சுக்காரர் ஃப்ளோரிஸ் ஆஸ்மண்ட் அந்தப் பேரை வச்சார். உலையில அதைக் கொண்டு வர்றது திடீர்க் குளிர்ச்சி. பட்டறையில கொண்டு வர்றது பிரஸ்ஸோட அடி.

அடிக்க அடிக்க இறுகின இரும்பு

அடி வாங்கி இறுகற உருக்கு உலகத்துக்கு முதல்ல பெரிசா தெரிய வந்தது 1882-ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற 23 வயசுப் பையன் இரும்புல மாங்கனீஸை ஏத்திக்கிட்டே போய்ப் பார்த்தார். அதிகமா சேர்த்தா உருக்கு நொறுங்கிடும்னு அப்போ எல்லாரும் நம்பினாங்க. 12, 13 சதவீதம் கிட்ட போனதும் கதை தலைகீழாச்சு. சூடாக்கித் தண்ணியில முக்கினா கெட்டியாகறதுக்குப் பதிலா மென்மையாச்சு. காந்தமும் ஒட்டல. ஆனா சுத்தியலால அடிச்சா அடிபட்ட மேற்பரப்பு மட்டும் இறுகிக்கிட்டே போச்சு. பிரினெல் அளவுல 200 கிட்ட இருந்த கடினம் 500-ஐத் தாண்டும்.

ரயில்வேக்கு இது வரமா வந்துச்சு. ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைன்னு துறைமுகத்தைச் சுத்திப் பாதைகள் ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டற இடம் நிறைய இருக்கு. குறுக்குவெட்டுல சக்கரம் ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டி விழும். நாள் முழுக்க ஒரே இடத்துல அடி. அந்த இடத்துக்கு வார்ப்பு மாங்கனீஸ் உருக்குல செஞ்ச கிராஸிங்கை இந்திய ரயில்வே இன்னைக்கும் பயன்படுத்துது. ஒவ்வொரு கூட்ஸ் வண்டியும் போகப் போக அதை இறுக்கிட்டுத்தான் போகுது.

இதுல ஒரு திருப்பம் இருக்கு. அடிபட்ட இடம் மார்டென்சைட்டா மாறுதுன்னுதான் ரொம்ப நாள் நம்பினாங்க. பிற்காலத்துல எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தப்போ, ஹாட்ஃபீல்ட் உருக்குல பெரும்பாலும் அது நடக்கலன்னு தெரிஞ்சது. அங்க சாத்துக்குடி அடுக்கு அப்படியே இருக்கு. சில அடுக்குகள் மட்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திரும்பிப் படிஞ்சு, மத்த அடுக்குகள் நகர விடாம மறிக்குது. நிஜமாவே அமைப்பு மாறற உருக்கு நம்ம சமையலறையிலதான் இருந்துச்சு.

எசன் நகரத்துல இருந்து ஒரு வெள்ளி ரயில்

1912-ல ஜெர்மனியின் எசன் நகரத்துல, க்ருப் நிறுவனத்தின் பென்னோ ஸ்ட்ராஸும் எட்வார்ட் மாவ்ரரும் குரோமியமும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத உருக்குக்குக் காப்புரிமை கேட்டாங்க. அடுத்த வருஷம் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி நிக்கல் இல்லாத இன்னொரு வகையைக் கொண்டு வந்தார். அது கத்திக்கு ஏத்தது. க்ருப் வகை பாத்திரத்துக்கு ஏத்தது, ஏன்னா நல்லா இழுபடும்.

இந்த இழுபடற உருக்கை வேற மாதிரி பார்த்தது அமெரிக்காவின் பட் நிறுவனம். தகட்டைச் சூடு பண்ணாம உருளைகளுக்கு நடுவுல அழுத்தி அழுத்தி உருட்டினா அது பல மடங்கு வலுவாகும்னு புரிஞ்சுக்கிட்டு, அதுல ஒரு முழு ரயிலையே செஞ்சாங்க. 1934 மே 26-ல பயனியர் ஜெஃபிர்ங்கற அந்த ரயில் டென்வர்ல இருந்து சிகாகோ வரைக்கும் 1,600 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல நிக்காம, 13 மணி 5 நிமிஷத்துல ஓடுச்சு. பெட்டி பளபளன்னு இருந்ததோட எடையும் குறைவு. தகடு அவ்வளவு வலுவா இருந்ததால அதை மெலிசா வைக்க முடிஞ்சுது.

எவ்வளவு வலு? இந்த வேலைக்குப் பேர்போன 301 ரகத்தை எடுத்துக்குவோம். மென்மையான நிலையில ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோ எடை தொங்கற வரைக்கும் நிரந்தரமா வளையக் கூடாதுன்னு தர விதி சொல்லுது. முழுசா குளிர் உருட்டல் செஞ்ச பிறகு அதே எண் 98 கிலோ. இந்த ஏற்றம் முழுக்க மார்டென்சைட்டால வந்ததில்லை, அணு அடுக்குகள் சிக்கிக்கறதும் ஒரு காரணம். ஆனா மார்டென்சைட்டுக்கு அதுல பெரிய பங்கு இருக்கு.

விலையும் உண்டு. உடையறதுக்கு முன்னாடி 40 சதவீதம் நீளக்கூடிய தகடு, அந்த நிலையில 10 சதவீதத்துக்கும் கீழ போயிடும். முன்கூட்டியே எல்லாத்தையும் மாத்திட்டீங்க. இனிமே அதை இழுத்துப் பாத்திரம் செய்ய முடியாது.

நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல தொடங்கினது. 2018 ஜனவரியில பழைய பாணிப் பெட்டிகளை நிறுத்திட்டு எல்.ஹெச்.பி. வகை ஸ்டெயின்லெஸ் பெட்டிகளுக்கு முழுசா மாறினாங்க. அந்தப் பெட்டியின் எல்லாப் பாகமும் நாம பேசற வகை கிடையாது. கூரைத் தகடு மாதிரி சில பாகங்கள்தான் நிக்கல் கலந்தது.

வலுவும் வேணும், வளையவும் வேணும்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். உருக்கு உலகத்துல ஒரு பழைய பேரம் இருக்கு. வலு கூடினா நீளும் தன்மை குறையும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. அந்தப் பேரத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதினது இந்த அமைப்பு மாற்றம்தான்.

ஒரு தகட்டை இழுக்கறோம்னு வைங்க. எங்கயாவது ஒரு இடம் மத்ததைவிட மயிரிழை மெலிசா இருக்கும். சுமை அங்க குவியும். அது இன்னும் மெலியும். மெலிஞ்சதால சுமை இன்னும் குவியும். கடைசியில இடுப்பு மாதிரி ஒடுங்கி அங்கேயே அறுந்துடும்.

மாறத் தயாரா இருக்கற ஆஸ்டெனைட் இருந்தா வேற கதை. எந்த இடம் அதிகமா இழுபடுதோ, அந்த இடம் மட்டும் மார்டென்சைட்டா மாறி இறுகும். இறுகின இடம் "போதும், பக்கத்துல போ"ன்னு சுமையைத் தள்ளிவிடும். பக்கத்து இடம் இழுபடும், அதுவும் மாறும். இப்படி மொத்தத் தகடும் பங்கு போட்டு நீளும். நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எந்த சர்வர்ல டிராஃபிக் ஏறுதோ அங்க மட்டும் தானா கெபாசிட்டி கூடற ஏற்பாடு. ஒரே வித்தியாசம், இங்க கூட்டினதைத் திரும்பக் குறைக்கணும்னா ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்கணும்.

1967-ல கலிஃபோர்னியாவின் பெர்க்லியில விக்டர் ஸாக்கே, ஏர்ல் பார்க்கர் குழுவினர் இந்த விளைவுக்காகவே உருக்கை வடிவமைச்சு, அதுக்கு ட்ரிப்னு பேர் வச்சாங்க. உருமாற்றத்தால வர்ற நெகிழ்வுன்னு அர்த்தம். 1980-கள்ல ஜப்பானியர்கள் நிக்கலே இல்லாம, சிலிக்கானும் மாங்கனீஸும் வச்சு மலிவான ட்ரிப் உருக்கைக் கொண்டு வந்தாங்க. இன்னைக்குக் கார்களின் உடற்கூட்டுல சில பாகங்களுக்கு இந்த வகை போகுது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல கப்பல் ஏறக் கார்கள் வரிசையா நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. ட்ரிப் உருக்குல செஞ்ச பாகத்துல கொஞ்சம் ஆஸ்டெனைட்டைச் செலவழிக்காம மிச்சம் வச்சிருப்பாங்க. தொழிற்சாலை பிரஸ்ல ஒரு பங்கு மாறிடும். மீதி என்னைக்காவது ஒரு விபத்துல மாறி, மோதலின் வேகத்தை வாங்கிக்கும்.

அதனால இதுல எல்லாமே நேரம்தான். ரொம்ப சீக்கிரம் மாறிட்டா, தேவைப்படும்போது கையில ஒண்ணும் இருக்காது. ரொம்பப் பிடிவாதமா மாறாமலே இருந்தா, தகடு ஒடுங்கி அறுந்த பிறகு மாறி என்ன பிரயோஜனம்?

மார்கழித் தகடு, சித்திரைத் தகடு

எப்போ மாறும்ங்கறதை எண்ணுக்குள்ள கொண்டு வந்தவர் சுவீடன்காரர் ஆங்கெல், 1954-ல. 30 சதவீதம் உருமாத்தினா பாதி ஆஸ்டெனைட் மாறிடும்ங்கற வெப்பநிலை எதுன்னு கலவையை வச்சுக் கணக்கு போட ஒரு சூத்திரம் கொடுத்தார். அந்த வெப்பநிலையைவிடச் சூடான இடத்துல வேலை செஞ்சா மாற்றம் குறையும், குளிர்ந்த இடத்துல செஞ்சா கூடும். அந்தச் சூத்திரப்படி நிக்கல் ஒரு சதவீதம் கூடினா அந்த எண் சுமார் 10 டிகிரி இறங்கும்.

இதைப் பட்டறைக் கண்ணோட்டத்துல பாருங்க. 304-ங்கற ஒரே பேருக்குள்ள நிக்கல் 8-ல இருந்து 10.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். அப்போ ஒரே பேர்ல வர்ற ரெண்டு தகட்டுக்கு நடுவுல 20 டிகிரிக்கு மேல வித்தியாசம் வரலாம். இன்னொரு பக்கம், மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் தகரக் கூரைப் பட்டறைக்குள்ள அதே அளவு வித்தியாசம் இருக்கும். அதே டை, அதே பிரஸ், அதே ஆள். தகடு மட்டும் வேற மாதிரி நடந்துக்கும். வெளிநாட்டுத் தொழிற்சாலைகள்ல ஆழமான பாத்திரம் இழுக்கும்போது விளிம்பைச் சூடாவும் நடுவைக் குளிர்ச்சியாவும் வச்சுக்கற முறையே உண்டு. சின்னப் பட்டறையில அந்த வசதியைக் கையும் கண்ணும்தான் ஈடு கட்டணும்.

நிக்கல் குறைஞ்ச கதை

நம்ம பாட்டிங்க காலத்துல பித்தளைப் பாத்திரம், அதுக்கு ஈயம் பூச ஆள் தெருவுக்கே வருவார். அப்புறம் எவர்சில்வர் வந்துச்சு. 1981-ல சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடு உருட்ட ஆரம்பிச்சதும், 'சேலம் ஸ்டெயின்லெஸ்'ங்கறது வீட்டுப் பேச்சுல தரத்துக்கு இன்னொரு பேராவே ஆயிடுச்சு. கல்யாணச் சீர்ல பேர் வெட்டின எவர்சில்வர் இல்லாத வீடு குறைவு.

ஆனா நிக்கல் நம்ம மண்ணுல கிட்டத்தட்ட கிடையாது, இறக்குமதிதான். விலையும் நிலையா இருக்காது. கொரியப் போர் சமயத்துல அமெரிக்காவுக்கும் இதே தட்டுப்பாடு வந்தப்போ, 1950-கள்ல நிக்கலுக்குப் பதிலா மாங்கனீஸும் நைட்ரஜனும் சேர்த்த 200 வரிசை வளர்ந்தது. இந்தியாவுல அந்த வழியில இன்னும் தூரம் போய், நிக்கல் ஒரு சதவீதம் கிட்ட மட்டுமே இருக்கற தகடுகள் பாத்திரச் சந்தையை நிரப்பிடுச்சு. விலை குறைவு, பளபளப்பும் அதேதான். மாங்கனீஸ் சாத்துக்குடி அடுக்கைப் பிடிச்சு வைக்கறதால தகட்டுல காந்தமும் ஒட்டாது.

பிரச்சினை இழுத்த பிறகுதான் வரும். இந்த வகையில கார்பனும் நைட்ரஜனும் அதிகம். அதுல உருவாகற மார்டென்சைட் ரொம்பக் கெட்டி, கூடவே நொறுங்கற குணம். ஆழமா இழுத்த பாத்திரத்தின் விளிம்புல, வேலை முடிஞ்ச பிறகும் ஒரு உள் இறுக்கம் தங்கிடும். உருக்குக்குள்ள இருக்கற துளி ஹைட்ரஜன் மெதுவா அந்த இடத்துக்கு நகரும். பாலிஷ் போட்டு, கடைக்குப் போய், யாரோ வாங்கி, அலமாரியில வச்ச பிறகு, சில நாள்லயோ சில மாசத்துலயோ விளிம்புல இருந்து நேர்க்கோடா ஒரு விரிசல் இறங்கும். யாரும் அதைக் கீழ போட்டிருக்க மாட்டாங்க.

தடுக்க வழி உண்டு. ஒரே மூச்சுல ஆழமா இழுக்காம ரெண்டு மூணு கட்டமா இழுக்கணும். நடுவுல உலையில சூடாக்கினா மார்டென்சைட் பழையபடி ஆஸ்டெனைட்டா மாறி இறுக்கம் போயிடும். ஆனா உலைக்கு எரிபொருள், அப்புறம் அமிலத்துல கழுவற வேலைன்னு ஒவ்வொண்ணும் செலவு. கிலோவுக்குக் கொஞ்சம் ரூபாய் லாபத்துல ஓடற பட்டறை எதை மிச்சம் பிடிக்கும்? விரிசல் விட்ட பாத்திரம் திரும்பி வந்தா, அந்த நஷ்டம் தகடு வித்தவர் கணக்குல ஏறாது. இழுத்தவர் தலையிலயும் வாங்கினவங்க தலையிலயும்தான் விழும். போதாததுக்கு இந்தத் தகடுகள்ல குரோமியமும் குறைவு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காத்துல புள்ளி புள்ளியா துரு வர்றதுக்கு அது ஒரு காரணம்.

அப்போ அந்தக் காந்தம்?

இப்போ கடைக்குத் திரும்பப் போவோம். நல்ல 304 தகட்டுல ஆழமா இழுத்த பாத்திரத்தின் விளிம்புல காந்தம் லேசா ஒட்டலாம், ஏன்னா அங்க வேலை நடந்திருக்கு. நிக்கல் குறைஞ்ச மாங்கனீஸ் தகட்டுல செஞ்ச தட்டுல காந்தம் ஒட்டாமலே போகலாம். நிக்கலே இல்லாத 430 ரகத்துல முழுக்க ஒட்டும், ஆனா அதுவும் முறையான ஸ்டெயின்லெஸ் ரகம்தான். அதாவது கடைக்காரர் காட்டற அந்தக் காந்தச் சோதனை நல்லதைத் தள்ளிட்டு, மலிவானதைப் பாஸ் பண்ணி அனுப்பற வாய்ப்பு நிறையவே இருக்கு.

அதனால காந்தத்தை நம்பி நூறு ரூபாய் கூடக் குடுக்காதீங்க. ரகம் என்னன்னு கேளுங்க, அதை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. 2024 மார்ச்சுல ஸ்டெயின்லெஸ் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு ஒன்றிய அரசு உத்தரவு போட்டிருக்கு, அதைத் தேடுங்க. பழைய இரும்பு வியாபாரத்துல பெரிய ஆளுங்க எக்ஸ்ரே துப்பாக்கி வச்சு நொடியில கலவையைப் படிச்சுடறாங்க. விக்கறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும்போது, வாங்கறவங்க மட்டும் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வச்சு ஊகிக்கணுமா?

காந்தத்துக்கு ஒரு நல்ல வேலை மிச்சம் இருக்கு. பாத்திரத்தைச் சுத்தி மெதுவா நகர்த்திப் பாருங்க. எங்க இழுப்பு தெரியுதோ, பிரஸ் அங்கதான் தகட்டை அதிகமா இழுத்திருக்கு, ஒரு கை அங்கதான் அதை மடக்கியிருக்கு. கொருக்குப்பேட்டையில நடந்த அந்த வேலை உங்க வீட்டு அலமாரியில இன்னும் பதிவா இருக்கு.

அடுத்த எபிசோடு எண்ணூர் லாரி தொழிற்சாலை பத்தி. 1948-ல ஆஸ்டின் கார் பூட்டறதுல ஆரம்பிச்ச கதை. உங்க வீட்டுப் பாத்திரத்துல காந்தம் எங்க ஒட்டுச்சுன்னு எழுதுங்க. பார்ப்போம் மக்களே.